மீதி நாலு மாத்திரை

காசம்மாள் கலயத்தைத் தூக்கி வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அடியில் நேற்றைய கறை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. விரலை விட்டுத் தடவினாள். ஈரம் இல்லை.

“இந்தாய்யா, இன்னொரு வாட்டி முக்கிப் பாரேன்.”

“வந்தா வெச்சிக்கினா இருக்கப் போறேன்?” என்றான் இருசப்பன். கண்ணைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு கரண்டி அளவு போனதுதான் கடைசி. இதோ ஞாயிறு விடிந்துவிட்டது. கயிற்றுக் கட்டிலில் கிடந்த அவள் புருஷனுக்கு முகம் மஞ்சள் பூத்திருந்தது. இமைகள் உப்பி, புறங்கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் விக்கல் வந்து ஆளைத் தூக்கிப் போட்டது. தண்ணீர் கொடுத்தால் தண்ணீர் அப்படியே வெளியே வந்தது.

வியாழக்கிழமை ராத்திரி குளிர்காய்ச்சல் வந்து உலுக்கிவிட்டுப் போனது. அது புதிதல்ல. காப்பித் தோட்டத்து வேலைக்கென்று மலைக்குப் போய் மூன்று வருஷம் கழித்துத் திரும்பியவன், கூலி என்று பெரிதாக ஒன்றும் கொண்டுவரவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் முறைக்காய்ச்சலையும், இடது விலாவுக்குக் கீழே ஒரு காய்ச்சல்கட்டியையும் மட்டும் மறக்காமல் கொண்டுவந்திருந்தான். புதிதாக வந்தது வெள்ளிக்கிழமை காலையில். கட்டிலோரம் உட்கார்ந்து கலயத்தில் மூத்திரம் பெய்தவன், “ஐயோ, இன்னா புள்ள இது?” என்று கத்தினான். வெல்லம் காய்ச்சின கொப்பரையைக் கழுவிக் கொட்டுகிற தண்ணீர் மாதிரி கறுப்பாக இருந்தது.

காசம்மாள் அழுதுகொண்டு உட்காரவில்லை. கலயத்தின் வாயை ஆமணக்கு இலையால் மூடிக் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு மைல் நடந்து தர்ம ஆஸ்பத்திரிக்குப் போனாள். வழியில் கேட்டவர்களிடம் மோர் என்றாள். ஒருத்தி கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போகச் சொன்னாள்.

டாக்டர் இலையை விலக்கிப் பார்த்தார். முகத்தைச் சுளிக்கவில்லை. அதற்காகவே அவர்மேல் அவளுக்கு மரியாதை உண்டாயிற்று.

“கொயினா மாத்திரை சாப்பிட்டானா?”

“சாப்பிட்டாருங்க. போன வாரம் ரெண்டு. ஜொரம் வுட்டுப்போச்சின்னு நிறுத்திட்டாரு. நேத்து குளுரு வந்ததும் மறுபடி ரெண்டு.”

“நாலுதானா? பொட்டலத்துல எட்டு இருக்குமே.”

“பாதிதாங்க குடுத்தாங்க. மீதி நாலு ஓட்டு போட்ட பொறவு.”

டாக்டருக்குப் புரியவில்லை. அவர் டவுனிலிருந்து வந்தவர். காசம்மாள் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

சொல்லவே வெட்கக்கேடான கதை அது. அந்த வருஷம் மழைக்குப் பிறகு வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் கிடந்தார்கள். ஏரிக்கரை ஊர்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான். அதைக் கண்டு பெரிய வூட்டு சிவப்பிரகாசத்துக்கு மனம் இளகிவிட்டது. பிரெஞ்சு ஆட்சியில் மேர் என்கிற ஊர்த்தலைவர் பதவிக்கு நிற்கிறவர்களுக்கு மனம் அடிக்கடி இளகும். புதுச்சேரியிலிருந்து ஒரு டின் கொயினா தருவித்தார். ஓட்டு உள்ள ஆண்பிள்ளைக்கு ஆளுக்கு எட்டு மாத்திரை என்று தண்டோரா போட்டார். ஆனால் எட்டையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டால் எட்டையும் விழுங்கிவிட்டு அந்தப் பக்கம் ஓட்டுப் போட்டுவிடுவான்களே! அதனால் இப்போது நாலு, ஓட்டுப் பெட்டியில் சீட்டு விழுந்த பிறகு நாலு. போன தேர்தலில் இதே மாதிரி வேட்டி முதலில், துண்டு பிறகு. வேட்டியைப் பாதியாகக் கட்டிக்கொள்ளலாம், காய்ச்சலைப் பாதியாக விட முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. இருசப்பனும் கேட்கவில்லை. நாலு மாத்திரையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கொண்டுவந்து கொடுத்தது அவன் கூடப்பிறந்த தம்பி பக்கிரி. பெரிய வூட்டு வாசலில் நின்று நின்றே வேலைக்காரனாகவும் ஆகாமல் விருந்தாளியாகவும் ஆகாமல் வயது முப்பதைத் தொட்டவன்.

டாக்டர் கேட்டு முடித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

“கேட்டுக்கோ அம்மா. கொஞ்சம் சாப்பிடறது, விட்டுடறது, ஜுரம் வந்தா மறுபடி சாப்பிடறது. மலைக்காய்ச்சல் ஊறின சில பேர் உடம்புல இப்படிப் பண்ணா ரத்தம் உடைஞ்சுபோகும். உடைஞ்ச ரத்தம்தான் கறுப்பா வருது. இனிமே அந்த மாத்திரை ஒண்ணுகூட அவன் வாயில படக் கூடாது.”

“சரிங்க.”

“கறுப்பா வந்தாலும் வரட்டும். வரணும். வராம நின்னுட்டா குண்டிக்காய் அடைச்சுக்கிச்சுன்னு அர்த்தம். அன்னிக்கே வண்டி கட்டிப் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடு. அங்கேயும் உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா இங்க வெச்சிருந்தா ஒண்ணுமே இல்ல.”

குண்டிக்காய் அவளுக்குத் தெரியும். ஆட்டுக்கு இருப்பது மாதிரி மனுஷனுக்கும் இரண்டு. அதிலிருந்துதான் எல்லாம் வடிகிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்போதிருந்து அவள் கண் கலயத்தைவிட்டு நகரவில்லை. வெள்ளிக்கிழமை அரைக் கலயம். சனிக்கிழமை காலையில் கால் கலயம். மத்தியானம் ஒரு கரண்டி.

இப்போது ஒன்றுமே இல்லை. வண்டி வேண்டும்.

பக்கத்து வீட்டுச் சின்னபொண்ணுவைக் காவல் வைத்துவிட்டுப் பெரிய வூட்டுக்கு ஓடினாள். ஓடுகிறபோதே தெரிந்தது, இன்றைக்கு ஓட்டு நாள், வண்டி கேட்கிற நாளில்லை என்று. ஏம்பலத்துக்குத் தெற்கே இருந்த கூண்டு வண்டி, மொட்டை வண்டி எல்லாம் ஒன்று இந்தக் கட்சி வாசலில் நின்றது, இல்லாவிட்டால் அந்தக் கட்சி வாசலில் நின்றது. கட்டிலோடு தூக்கிப்போகலாம் என்றால் தூக்குவதற்கு ஆண்பிள்ளை வேண்டும். எல்லா ஆண்பிள்ளையும் பெரிய வூட்டுப் பந்தலில் இருந்தான். காலை ஏழு மணிக்கே கறி வெந்துகொண்டிருந்தது. ஒருத்தன் அடுப்போரம் குந்தி ஈரலையும் குண்டிக்காயையும் தனியாக எடுத்துக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தான். “அது பெரியவருக்கு, கை வெக்காதீங்கடா” என்று கத்தினான்.

சிவப்பிரகாசம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சரிகைத் துண்டு, கையில் ஓட்டர் பட்டியல். கெட்டவர் மாதிரி அவர் எப்போதுமே நடந்துகொள்ளமாட்டார். ஏழைகளிடம் சிரித்துப் பேசுவார். அந்தச் சிரிப்பைத்தான் காசம்மாளுக்குக் கண்டாலே ஆகாது.

“ஆண்டே, வண்டி வேணுங்க. எங்க வூட்டுக்காரரைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவணும்.”

“வண்டியா? இன்னிக்கா?”

“நேத்து மத்தியானத்துலேர்ந்து ஒன்னுக்கே வர்லீங்க.”

பந்தல் சிரித்தது. “ஓட்டுப் போட்டா தன்னால வந்துரும்” என்றான் ஒருத்தன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். வாயில் சோறு இருந்தவர்களும் சிரித்தார்கள். பக்கிரி புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஆண்டைக்குப் பின்னால் நின்றான். அவன் சிரிக்கவில்லை. சிரிக்காதே என்று யாரிடமும் சொல்லவுமில்லை.

சிவப்பிரகாசம் கையமர்த்தினார். பட்டியலில் விரலை ஓட்டி, “இருசப்பன். நம்ம ஆளு” என்றார். “பாரு காசம்மா, எனக்குமட்டும் வருத்தம் இல்லியா? என் சொந்தக் கூண்டு வண்டியையே தரேன். மொதல்ல பள்ளிக்கூடத்துக்குப் போய் ஓட்டைப் போடட்டும். ரெண்டு நிமிஷம். அங்கேருந்து வண்டி நேரா புதுச்சேரி.”

அவள் யோசித்தாள். அந்தக் கட்சிக்காரன் வாசலுக்குப் போனால் அவனும் இதையேதான் சொல்லுவான். சிரிப்பதுகூட இதே மாதிரித்தான் சிரிப்பான். இரண்டு நிமிஷம்தானே.

“சரிங்க ஆண்டே” என்றாள்.

பிற்பாடு தன் வாயிலிருந்து வந்த அந்த ‘சரிங்க’வை நினைத்தால், மற்றவர்கள்மேல் வருகிற அத்தனை அருவருப்பும் தன்மேலும் வரும் அவளுக்கு.

வண்டி எட்டரைக்கு வந்தது. இருசப்பனைக் கட்டிலோடு உள்ளே ஏற்றினார்கள். காசம்மாள் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். வழியில் வரலாம், யார் கண்டது? பக்கிரி முன்னால் வண்டிக்காரன் பக்கத்தில் ஏறிக்கொண்டான்.

பள்ளிக்கூடம் கிழக்கே இருந்தது. வண்டி மேற்கே திரும்பியது.

“பக்கிரி, இது இன்னா வழி?”

“ரெண்டு பெருசுங்களை ஏத்திக்கினு போயிரலாம் அண்ணி. வண்டி சும்மா போவக் கூடாதுன்னு சொல்லிக்கீறாரு.”

“சும்மாவா போவுது? உங்கண்ணன் கீறாரு உள்ள!”

“நான் இன்னா பண்ணட்டும்?”

இதுதான் பக்கிரி. பிறந்ததிலிருந்து அவன் தெளிவாகப் பேசிய ஒரே வாக்கியம் இதுதான்.

முதல் கிழவரைக் களத்திலிருந்து பிடித்து வருவதற்கு ஒன்றரை மணி ஆயிற்று. இரண்டாம் கிழவர் சின்னப்பிள்ளை, தமக்கு வரவேண்டிய முதல் நாலு மாத்திரையே வரவில்லை என்று வீட்டு வாசலில் நின்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஞாயம் பேசினார். பக்கிரி தன் மடியிலிருந்து இரண்டை எடுத்துக் கொடுத்து அவரைச் சமாதானப்படுத்தினான். இருவரும் ஏறி, இடமில்லாததால் கட்டில் சட்டத்தில் உட்கார்ந்தார்கள். இருசப்பனின் வீங்கின கால்கள் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நசுங்கின. காசம்மாள் அவர்களைத் தள்ளி உட்காரச் சொன்னாள். அவர்கள் தேர்தல் பேச்சில் இருந்தார்கள்.

விக்கல் நிற்கவில்லை.

“யாரோ நெனைச்சிக்கினு கீறாங்கோ” என்றார் முதல் கிழவர்.

“வேற யாரு, ஆண்டைதான். ஒரு ஓட்டு இல்ல?” என்று சின்னப்பிள்ளை சிரித்தார்.

பள்ளிக்கூடத்து மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு. அங்கே இவர்களுக்கு முன்னால் பத்துப் பதினைந்து வண்டி நின்றது. பூவரச மரத்தடியில் வண்டியை அவிழ்த்துவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போட்டார்கள். காசம்மாள் இறங்கிப் பக்கிரியிடம் கெஞ்சினாள், பிறகு திட்டினாள். “முறை வந்தா கூப்புடுவாங்க அண்ணி” என்றான். அவள் மறுபடி ஏறி உட்கார்ந்து முந்தானையால் விசிறினாள்.

இருசப்பன் ஒரு தரம் கண்ணைத் திறந்தான். “ஆஸ்பத்திரி வந்துருச்சா?” என்றான்.

“வந்துருச்சிய்யா.”

“நல்லா ஆளுங்க பேசறாங்களே.”

“ஆமாம், கூட்டமா கீது.”

அவன் வாயிலிருந்து மூத்திர நாற்றம் வந்தது. கீழே வரவேண்டியது மேலே ஏறிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. கலயத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து, “தோ பாரு, இங்கயே போ. யாரும் இல்ல” என்றாள். இரண்டு கிழவர்களும் எதிரேயே உட்கார்ந்திருந்தார்கள். அவன் தலையை அசைத்தான். கொஞ்ச நேரம் விக்கினான். அப்புறம் விக்கவில்லை.

“பாரு, நின்னுருச்சி” என்றார் முதல் கிழவர் சந்தோஷமாக.

காசம்மாள் அவன் மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்தாள். மார்பில் காதை வைத்தாள். வெளியே யாரோ பீடிக்கு நெருப்புக் கேட்டார்கள். அவள் மெதுவாக இறங்கிப் பக்கிரியின் புதுச் சட்டையைப் பிடித்து வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

“உங்கண்ணன் பூட்டாரு.”

பக்கிரி கூண்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தான். தலையை வெளியே எடுத்தான். பிறகு அவன் முதலில் பார்த்தது வரிசையை. முன்னால் இரண்டே வண்டிகள்தான் இருந்தன. அதை அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

“அண்ணி, உன் கால்ல வுழறேன். சத்தம் போடாத.”

“இன்னாடா சொல்ற?”

“இவ்ளோ தூரம் வந்துட்டோம். ஓட்டு வுழாம திரும்பினா என்னைத் தோலை உரிச்சிடுவாங்க. பெட்டி மூடறது ஆறு மணிக்கு. அதுவரைக்கும் வாயத் தொறக்காத. நீ இப்ப அழுதா ஓட்டு செல்லாதுன்னு அவனுங்க கெளப்புவானுங்க.” அவன் குரல் இறங்கியது. “மனை யாரோட மனைன்னு நெனைச்சிக்க. ஆண்டை நாளைக்கே வூட்டைப் பிரிச்சிக்கோன்னா எங்க போவ?”

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடித்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு. அவள் அடிக்கவில்லை. அவனை அடிக்கக் கையை எடுப்பதுகூடத் தண்டம் என்று இருந்தது அவளுக்கு.

கிழவர்கள் முதலில் போய்விட்டு வந்தார்கள். பிறகு நாலு பேர் கட்டிலைத் தூக்கினார்கள். பக்கிரி அண்ணனின் வலது கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு கூடவே நடந்தான். போர்வை கழுத்துவரை இழுத்து விட்டிருந்தது. காசம்மாள் பின்னால் போனாள். பெண்களுக்கு ஓட்டு இல்லாத காலம் அது. வாசலில் அவளைத் தடுத்தவனிடம், “நோயாளியோட சம்சாரம், வுடு” என்றான் பக்கிரி.

உள்ளே மேசைமேல் பெட்டி, பெட்டிக்குப் பின்னால் கோட்டுப் போட்ட ஓர் அதிகாரி, சுவரில் கடிகாரம். ஒன்றே கால் ஆகியிருந்தது. அந்தக் கட்சியின் ஆள் இன்னாசிமுத்து எழுந்து கட்டிலைக் குனிந்து பார்த்தான்.

“இன்னாப்பா இது? ஆளு செத்த மாதிரி கீறான்?”

“உங்கப்பன் செத்தான்” என்றான் பக்கிரி. “நீங்க காலையில கொண்டாந்து நிறுத்தினீங்களே மூணு பேரு, அவனுங்க செத்து ஒரு வருசம் ஆவுது. அதைச் சொல்லட்டுமா?”

இன்னாசிமுத்து உட்கார்ந்துவிட்டான். கணக்கு சரியாகிவிட்டது என்று இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அதிகாரி கட்டிலைப் பார்க்கவேயில்லை. பார்த்துவிட்டால் ஏதாவது செய்யவேண்டி வந்துவிடும் என்று பட்டியலிலேயே கண்ணை வைத்திருந்தார்.

“நீ யாரு?”

“காசம்மாளுங்க.”

“இது உன் புருஷன் இருசப்பன்தானே?”

பக்கிரி அவளைப் பார்த்தான். கடிகாரம் ஓடியது. உயிரோடு இருக்கிறானா என்று அந்த மனுஷர் கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாளோ, அவளுக்கே தெரியாது. அவர் கேட்கவில்லை.

“ஆமாங்க” என்றாள்.

பக்கிரி அண்ணன் விரல்களுக்குள் சீட்டைச் செருகி, அதன்மேல் தன் விரல்களை வைத்து அழுத்தி, பெட்டிவரை கொண்டுபோனான். சீட்டு உள்ளே விழுந்தது. அவன் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அழுகிறானாம்! காசம்மாள் அவன் பிடியிலிருந்து புருஷன் கையை விடுவித்துப் போர்வைக்குள் வைத்தாள்.

வண்டி புதுச்சேரிக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குத்தான் இனி வேலை இல்லையே என்று வண்டிக்காரனுக்கே யாரோ சொல்லியிருந்தார்கள். வீட்டில் இறக்கிவிட்டுவிட்டு வேறு ஓட்டை ஏற்றப் போனான்.

செத்தவனைப் படுக்கவைக்கிற மாதிரிப் படுக்கவைக்கக் கூடாது என்பது பக்கிரியின் உத்தரவு. தலைமாட்டில் விளக்கு கூடாது. தாடையைக் கட்டக் கூடாது. கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டக் கூடாது. வருகிறவர்களிடம் தூங்குகிறார் என்று சொல்லவேண்டும். வாசலில் ஒரு தடியனைக் குந்த வைத்துவிட்டு அவன் பந்தலுக்கு ஓடினான். அவனுக்கு இன்னும் பதினோரு ஓட்டு பாக்கி இருந்தது.

சின்னபொண்ணு கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போவலியா அக்கா?”

“தூங்கறாரு.”

சின்னபொண்ணு கட்டிலைப் பார்த்தாள். வாய் திறந்திருந்தது. கட்டில் காலில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. கஞ்சியைக் கீழே வைத்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எப்ப?” என்று காதோடு கேட்டாள்.

“ஒரு மணிக்கு முன்னாலயே.”

“அப்புறம் இன்னாத்துக்கு இப்பிடி மரம் மாதிரி குந்திக்கினு கீற? அழுவேன்க்கா.”

“ஆறு மணி ஆவட்டும்னு சொல்லிட்டுப் போயிருக்கான்.”

சின்னபொண்ணுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் வாசல் பக்கம் திரும்பி, “தூ!” என்று துப்பினாள். அந்தத் தடியன் காலடியில் போய் விழுந்தது. அவன் நகர்ந்து உட்கார்ந்துகொண்டான். பிறகு இரண்டு பெண்களும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். ஒருத்தி ஈ ஓட்டினாள், ஒருத்தி எறும்பைத் துடைத்தாள்.

காசம்மாளுக்கு அழுகை வரவில்லையென்று இல்லை. மூன்று தரம் வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைவரை வந்தது. மூன்று தரமும் பல்லைக் கடித்துக் கீழே இறக்கினாள். பதினாறு வருஷம் குடித்தனம் பண்ணினவள், புருஷன் செத்ததற்கு அழ ஒருத்தன் பெட்டியை மூடுகிறவரைக்கும் காத்திருக்கிறாள். இதைவிடக் கேவலம் உலகத்தில் உண்டா? வீடு போனால் போகட்டும் என்று எழுந்துவிடலாம். எழுந்தால் இந்தக் கட்டிலை எங்கே போடுவது, நாளைக்குப் பிணத்தை எந்த வாசலிலிருந்து எடுப்பது? எழுந்திருக்கவில்லை. புடவைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டாள்.

வெயில் சாய்கிறபோது உடம்பு விறைத்துவிட்டது. கட்டாத வாய் திறந்தபடி நின்றது. கட்டாத கால்கள் அகன்று கிடந்தன. வலது கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்துப் பார்த்தாள். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் எதையோ பிடித்திருப்பது போலவே கூடியிருந்தன. நீட்டிப் பார்த்தாள். நீளவில்லை. எண்ணெய் போட்டு நீவினாள். மறுபடி கூடிக்கொண்டன. அவன் உயிரோடு இருந்தபோது அந்தக் கையால் மண்வெட்டிப் பிடியைத் தவிர வேறொன்றையும் இறுக்கிப் பிடித்தவனில்லை.

பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிர்வெட்டு வெடித்தது. கொஞ்ச நேரத்தில் பக்கிரி ஓடிவந்தான். தலைமுடி கலைந்து, புதுச் சட்டை நனைந்து, கறிக்குழம்பு வாசனையோடு வந்தான்.

“முடிஞ்சிருச்சி அண்ணி. பெட்டியை மூடிட்டாங்க.” மூச்சு வாங்கினான். “இப்ப அழு.”

அவள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

“நாளைக்கு மேர் ஆபீசுல சாவு எழுதறப்ப ராத்திரி ஏழு மணின்னு சொல்லணும். ஆண்டை கோடித் துணி அனுப்பறாரு. வெறகும் அவரே தராரு. நல்ல மனுசன், கேக்காமலே சொன்னாரு.” அவன் இன்னும் வேகமாகப் பேசினான். பிறகு ஞாபகம் வந்தவனாக மடியை அவிழ்த்து ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினான். “இந்தா.”

“இன்னாது?”

“அண்ணனோட மீதி நாலு மாத்திரை. ஓட்டு வுழுந்துருச்சி இல்ல? சொன்ன சொல்லு தவறக் கூடாதுன்னு மொத ஆளா கூப்ட்டுக் குடுத்தாரு.”

சின்னபொண்ணு தலையைத் தூக்கிப் பார்த்தாள். காசம்மாள் கையை நீட்டிப் பொட்டலத்தை வாங்கினாள். பிரித்தாள். நாலு வெள்ளை மாத்திரை. மூன்று நாளாகத் தன் பக்கத்தைவிட்டு நகராத கலயத்தை இழுத்து, மாத்திரைகளை ஒவ்வொன்றாக அதற்குள் போட்டாள். காய்ந்த அடியில் ஒவ்வொன்றும் சத்தத்தோடு விழுந்தது. கலயத்தைத் தன் பக்கத்தில் வைத்துவிட்டுப் புருஷனின் விரல்களை மறுபடி நீவ ஆரம்பித்தாள்.

வாசலுக்கு விஷயம் போயிருக்கவேண்டும். தெருக்கோடியிலிருந்து பெண்களின் முதல் ஒப்பாரிக் குரல் எழுந்தது. ஒன்று இரண்டாகி, நெருங்கி வந்தது.

பக்கிரி போகவில்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றான். அண்ணன் முகத்தைப் பார்த்தான், கலயத்தைப் பார்த்தான். அந்திக் காற்றுக்கே அவன் உடம்பு லேசாக நடுங்கியது.

“அண்ணி” என்றான்.

அவள் நிமிரவில்லை.

“தப்பா நெனைச்சிக்காத. எனக்கு நாளைக்கு ஜொர முறை. என்னுதுல ரெண்டை அந்தக் கெழவனுக்குக் குடுத்துட்டேன். உனக்கு அது வேணான்னா...”

காசம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கலயத்தின் விளிம்பில் இரண்டு விரலை வைத்து, அவன் பக்கமாகத் தள்ளிவிட்டாள்.

பெண்கள் மாரடித்துக்கொண்டு வாசலில் நுழைந்தார்கள். பக்கிரி குனிந்து கலயத்துக்குள் கையை விட்டான். அடியில் காய்ந்திருந்த பொருக்கிலிருந்து நாலையும் பொறுக்கி எடுத்தான். புதுச் சட்டையின் ஓரத்தில் ஒவ்வொன்றாகத் துடைத்து மடியில் முடிந்துகொண்டான்.